மலைக்கும் ஏரிக்கும் யார் காவல்?



தசலட்சண பருவத்தின்போது எங்கள் ஊர் ஜிநாலயத்தில் மாலை வழிபாட்டிற்குப் பின் தாய்மார்களிடையே சில சொற்கள் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மலையடிவாரத்தையும் ஏரிக்கரையையும் சீர்செய்ய ஊர் இளைஞர்கள் முன்வந்திருந்த நேரம் அது. அதையொட்டியே பேசினேன். அன்று கூறியவற்றை எழுதித் தருமாறு அன்பர்கள் கேட்டமையால் இங்கே தருகிறேன். பிழை இருப்பின் அறிவுடையோர் பொறுத்தருள்க.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆதலால் நம் வீட்டுக் கிணற்றடியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் ஆயா நாள்தோறும் விடியலில் கிணற்று நீரை இறைத்து, இரண்டாக மடித்த கெட்டித் துணியில் வடிகட்டுவார். வடிகட்டி முடித்ததும் துணியை உதறி உலர்த்திவிட மாட்டார். வடித்த நீரையே துணியின் மறுபுறம் மெல்ல ஊற்றி அலசி, அந்த அலசல் நீரைச் சிறு பாத்திரத்தில் ஏந்தி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பிறகே சாய்த்து விடுவார். மேலிருந்து கொட்டினால் சிற்றுயிர்கள் அடிபடும் என்பது அவர் கவலை.

ஒருநாள் நான், “ஏன் ஆயா, பக்கத்துத் தெருக் கிணற்றில் ஊற்றினால் ஆகாதா?” என்று கேட்டேன். “அது இந்தக் கிணத்துச் சீவன் கண்ணு. வேற தண்ணியில அதுக்குப் பொழைக்கத் தெரியாது” என்றார் அவர்.

எழுத்தறியாத அந்த மூதாட்டி அன்று சொன்னதை விடத் தெளிவாக இயற்கைப் பாதுகாப்பைப் பற்றி நான் எங்கும் கேட்டதில்லை. உயிரைக் கொல்லாமல் விடுவது அறத்தின் முற்பாதி. அதனை அதற்குரிய இடத்தில் வாழ விடுவது பிற்பாதி. முற்பாதியை நாம் போற்றுகிறோம். பிற்பாதியைச் சிறிது சிறிதாக மறந்துவிட்டோம்.

எண்ணிப் பாருங்கள். ஓர் ஏரியில் வாழும் தவளையை ஒருவன் கல்லால் அடித்தால் நாம் துடித்துப் போகிறோம். அந்த ஏரியையே மண் கொட்டி மேடாக்கினால், தவளை, நண்டு, நத்தை, மீன், நீர்ப்பாம்பு, அவற்றை நம்பி வந்த நாரை என எத்தனையோ ஆயிரம் உயிர்கள் அழிகின்றன. அடித்தவர் என்று எவரையும் சுட்டிக் காட்ட முடியாது. இரத்தமும் தெரியாது. ஆயினும் அது கொலை அன்றோ? நம் ஆகமங்கள் வினையை மூன்று வாயில்களில் கணக்கிடுகின்றன. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. ஏரியைத் தூர்த்தவன் நாம் அல்லோம், தூர்க்கச் சொன்னவரும் அல்லோம். ஆனால் தூர்த்த நிலத்தில் மனை விலைக்கு வந்தபோது முன்பணம் கொடுத்தோமா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு நான் பேசிக்கொண்டிருக்கையில், புதிதாக மணமாகி எங்கள் ஊருக்கு வந்த ஒரு பெண் எழுந்து, “டீச்சரம்மா, ஒரு சந்தேகம். மண்ணை வெட்டினால் மண்ணுயிர் வருந்தும். செடியைப் பிடுங்கினால் ஓரறிவுயிர் மடியும். ஏரியில் இறங்கித் தூர் வாரினால் நீருயிர் கலங்கும். சும்மா வீட்டில் இருந்தால் இந்தப் பாவம் ஒன்றும் இல்லையே? பின் இதை எப்படி அறம் என்று சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

அவள் மாமியார் அவளை அமரச் சொல்லிச் சேலைத் தலைப்பை இழுத்தார். நான் தடுத்தேன். இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றவள் நான். நல்ல வினாவை அடக்குவது ஆசிரியர்க்கு அழகன்று. மேலும் அந்த வினா, நிலம், நீர், தீ, காற்று, பயிர் ஆகிய ஐந்தினுள்ளும் உயிர் உண்டு என்று நம்புகிற நம்மவர்க்கே உரிய வினா. எனவே அதற்கு முறையாக விடை காண்போம்.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைப் பெரியோர் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடே செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுப் பணியில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும். ஏனைய மூன்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். துறவியர்க்குரிய மகாவிரதம் வேறு. நமக்குரிய அணுவிரதம் வேறு. தமிழ்ச் சமணருள் மிகப் பலர் உழவர் குடியினர். ஏர் பிடிக்கும் கையால் மண்வெட்டியைத் தொடலாகாது என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை.

அடுத்து, அநர்த்த தண்ட விரதத்தை நினைவு கொள்வோம். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தை விளக்கும் இடத்தில், மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் கிளறுவதையும் செடிகொடிகளை வெட்டுவதையும் பிரமாதசரியை என்ற குற்றத்தின்கீழ் வைத்தார். அவ்விடத்தில் அவர் ‘பயனின்றி’ என்ற கருத்தை உடன் வைத்திருப்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பயனற்ற செயலும் கவனமற்ற செயலுமே அங்கே கண்டிக்கப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாதரர் தமது சாகார தர்மாமிருதத்தில், இல்லறத்தான் விலக்க வேண்டிய கொடுந்தொழில்களைப் பட்டியலிடும்போது ஏரி குளங்களை வற்றச் செய்தலையும் காட்டுக்குத் தீயிடுதலையும் சேர்த்திருக்கிறார். ஏரியை வற்றச் செய்வது பாவமாயின், வற்றிய ஏரியை மீட்பது எத்திறத்தது என்பதை நான் சொல்லித்தான் அறிய வேண்டுமா?

உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், ஐந்தாம் அத்தியாயத்தில், உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை செய்வதைத் தம் பணியாக உடையன என்று கற்பிக்கிறது. சும்மா இருத்தல் என்பது முற்றும் துறந்தார்க்கு வாய்க்கும் நிலை. நாமோ அரிசி வேக வைக்கிறோம். வீடு கட்ட மணல் கொட்டுகிறோம். மின்விசிறியின் கீழ் உறங்குகிறோம். நமக்காக இத்தனை உயிர்கள் வருந்த, அவற்றின் வாழிடத்தைச் சீர்செய்ய மட்டும் ‘பாவம்’ என்று கையைக் கட்டிக்கொள்வது அகிம்சை அன்று, சோம்பல்.

ஆனால் அந்தப் பெண்ணின் வினாவில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது; கவனம் வேண்டும் என்பதே அது. இதை நான் நூலில் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன். அத்தவற்றைப் பிரதிக்கிரமணமாக உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, மகாவீர ஜயந்தியன்று நூறு மரக்கன்றுகள் நடுவது என்று முடிவு செய்தேன். நானே முன்னின்று, நாற்றுப் பண்ணையிலிருந்து கன்றுகளை வண்டியில் தருவித்தேன். மலையடிவாரத்தில் வெற்றிடமாகக் கிடந்த புல்வெளியில் குழிகள் வெட்டினோம். ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் கட்டினோம். நிழற்படம் எடுத்தோம். எல்லோரும் பாராட்டினர். என் உள்ளமும் பூரித்தது.

மகாவீர ஜயந்தி எப்பருவத்தில் வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுத்து வந்தது அக்கினி நட்சத்திரம். முதல் பத்து நாள் குடம் சுமந்தோம். பிறகு ஒவ்வொருவராக நின்றனர். நானும் மகளின் பேறுகாலத்திற்காகச் சென்னை சென்றுவிட்டேன். ஆனி மாதம் திரும்பி வந்து பார்த்தபோது நூற்றில் ஏழு கன்றுகளே உயிரோடு இருந்தன. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி என் கையைப் பற்றி, “பாட்டி, என் பேர் எழுதின செடி செத்துப்போச்சு. அது எனக்குப் பாவமா?” என்று கேட்டாள்.

அந்த வினாவுக்கு என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அக்குழந்தைக்குப் பாவமில்லை. கோடையில் நடலாகாது என்று அறிந்திருந்தும், விழாவின் சிறப்புக்காக ஓரறிவுயிர்கள் தொண்ணூற்று மூன்றை வெயிலில் நிறுத்தி வைத்தவள் நானே. இன்னும் ஒன்று. நாங்கள் வெற்றிடம் என்று எண்ணிக் குழி வெட்டிய அந்தப் புல்வெளி வெற்றிடமே அன்று. ஆட்காட்டிப் பறவைகள் தரையில் முட்டையிடும் இடம் அது. அந்த ஆண்டு அவை ஓயாமல் கத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் சுற்றியதை நானும் கேட்டேன். விழா ஆரவாரத்தில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு சாமாயிகத்தில் அமர்ந்தபோது என் மனத்தில் ஒன்று பட்டது. மும்மணிகளின் வரிசையை நான் தலைகீழாக மாற்றியிருந்தேன். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்பதே அவற்றின் முறை. அவற்றின் மெய்ப்பொருள் மிக ஆழமானது. வீடுபேற்றுக்கு வழி காட்டுவது. எனினும் உலகச் செயலுக்கும் அவ்வரிசை உவமையாகப் பொருந்தும். முதலில் உள்ளதை உள்ளவாறு காண வேண்டும். அடுத்து அதனைப் பற்றி அறிய வேண்டும். அதன் பின்னரே கையை நீட்ட வேண்டும். நான் காணாமலும் அறியாமலும் கையை நீட்டினேன்.

எனவே அடுத்த ஆண்டு முழுவதும் நாங்கள் ஒரு கன்றும் நடவில்லை. பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை மலையடிவாரத்திற்குச் சென்று பார்த்தோம்; பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதினோம். மழைநீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பறவை எம்மாதம் வருகிறது, எந்த மரத்தின் விதை தானாக விழுந்து முளைக்கிறது என்று பார்த்தோம். வேம்பும் புங்கனும் நுணாவும் வெப்பாலையும் யாரும் நடாமலே ஓரங்களில் முளைத்திருந்தன. ஆடு மேயாதபடி முள்வேலியிட்டுக் காத்ததும் அவை தாமே எழுந்தன. புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவிட்டோம். இரண்டாம் ஆண்டு ஆட்காட்டிகள் திரும்பி வந்தன. ஆயாவின் கிணறு எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

இனி, நம் நாட்டு எளிய மக்கள் இப்பணியை எவ்வாறு செய்திருக்கிறார்கள் என்பதைக் காண்போம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் நம் வந்தவாசிப் பகுதியினர்க்குத் தொலைவானதன்று. வேடர் தங்கிய ஊர் என்று பெயர் பெற்ற அவ்விடமே பறவைகளின் புகலிடமாயிற்று. வெள்ளையர் ஆட்சியில் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டு அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, வக்கா, அரிவாள்மூக்கன் முதலியவை அங்குள்ள நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து உரமாகிறது. அந்நீர் பாய்ந்த வயல் செழிக்கிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்ற சூத்திரப் பொருளை அவ்வூர் உழவர்கள் வயலில் கண்டனர். 2022ஆம் ஆண்டு அந்த ஏரி, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. அதன் அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சுகள் அஞ்சும் என்பதே காரணம். அந்தப் பிள்ளைகளுக்கும் மத்தாப்பின் மீது ஆசை இருக்கும் அன்றோ? ஆயினும் அடக்கிக் கொள்கிறார்கள். தீபாவளி நமக்கு வர்த்தமான மகாவீரர் வீடுபேறு அடைந்த திருநாள். அந்நாளில் நம் பிள்ளைகள் வெடிக்கும் வெடியை நினைத்து, அவ்வூர்ப் பிள்ளைகளின் அடக்கத்தையும் நினைத்தால், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் நம் சமயத்தார் அல்லர். ஆனால் அந்த ஒரு நாளில் அவர்களே நமக்கு ஆசிரியர்கள்.

மூன்றாவது ஊர் மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி. இவ்வூர் நமக்கு மிகவும் நெருங்கியது. சுமார் 2200 ஆண்டுத் தொன்மை உடைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் அங்கே உள்ளன. அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி பாறையில் புடைப்பாக அமைந்துள்ளது. அதனருகில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அம்மலையைத் திருப்பிணையன் மலை என்று குறித்து, அத்திருமேனியைப் பாதிரிக்குடியாரின் ரட்சையில் ஒப்படைக்கிறது. ரட்சை என்றால் காவல். அத்திருமேனியைக் காக்கும் பொறுப்பை ஓர் ஊரைச் சார்ந்த மக்களிடம் விட்டார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அந்தக் காவல் இந்நாளிலும் தொடர்ந்தது. மதுரை மாவட்டத்தில் கல்லுடைப்பால் குன்றுகள் பல உருவிழந்த காலத்தில் அரிட்டாபட்டி மக்கள் தம் மலைகளை விட்டுக்கொடுக்கவில்லை. 2022 நவம்பர் மாதத்தில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றுள் அரிய வல்லூறுகளும் இராசாளியும், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவை அங்கு வாழ்கின்றன. ஏழு குன்றுகளும் எழுபத்திரண்டு ஏரிகளும் இருநூறு இயற்கைச் சுனைகளும் அப்பகுதியில் உள்ளதாக அரசின் அறிவிப்புக் கூறுகிறது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்கள் பல கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. பெண்களும் முதியோரும் குழந்தைகளுமாக மக்கள் திரண்டனர். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மலையில் சமண முனிவர்கள் தவம் செய்தார்கள் என்பது நம் பெருமை. ஆனால் இன்று அம்மலையைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்கள், ஆடு மேய்ப்போர், கூலி வேலை செய்யும் தாய்மார்கள். நாமோ ஆண்டுக்கொரு முறை பேருந்தில் சென்று, திருமேனியை வணங்கி, நிழற்படம் எடுத்து, உண்ட தாள்தட்டுகளை அங்கேயே விட்டுத் திரும்புகிறோம். நான் பிறரைக் குறை கூறவில்லை. நானும் அவ்வாறு சென்று வந்தவள்தான். நம் முன்னோரின் மலைகள் நமக்குச் சொத்தாக வரவில்லை, ரட்சையாக வந்தன. சொத்து என்றால் விற்கலாம். ரட்சையை விற்க இயலாது.

இனி இப்பணியில் இறங்கும் இளைஞர்களுக்கும் தாய்மார்களுக்கும் சில நெறிகள். புதிய நெறிகள் அல்ல. நம் முனிவர்களின் சமிதிகளிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

முனிவர் நடக்கும்போது ஒரு நுகத்தடித் தொலைவு நிலத்தைப் பார்த்தே அடி வைப்பர். அது ஈரியா சமிதி. நாமும் புதரில் நுழையுமுன் நின்று பார்க்க வேண்டும். கூடு உண்டா, முட்டை உண்டா, வளை உண்டா என்று பார்த்து, இருப்பின் அப்பகுதியை விட்டுவிட்டு வேறு பருவத்தில் வர வேண்டும்.

பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனம் கொள்வது ஆதான நிட்சேபண சமிதி. ஒரு கல்லைப் புரட்டினால் அதன் கீழே தேளும் தேரையும் மரவட்டையும் குடியிருக்கும். புரட்டிய கல்லைப் பழைய இடத்தில் மெதுவாக வைத்துவிட வேண்டும். மயில் தானே உதிர்த்த பீலியை ஏந்தி, அமரும் இடத்தை மென்மையாக நீவிவிட்டு அமர்கிறார் நம் முனிவர். அந்தப் பீலியின் மென்மை நம் மண்வெட்டிக்கும் வர வேண்டும்.

கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறின்றிக் கழிப்பது உத்சர்க்க சமிதி. மலைக்குக் கொண்டு சென்ற பிளாஸ்டிக் பை, புட்டி அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். குப்பையை அங்கேயே குவித்து எரித்தல் கூடாது. கோடையில் ஒரு பொறி போதும். மலைப்புல் முழுதும் எரியும். காட்டுத் தீயைப் பற்றி ஆசாதரர் கூறியதை மேலே சொன்னேன்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆடு மாடுகள் அதன் காயைத் தின்று சாணத்தின் வழியே விதை பரப்புகின்றன. வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு எடுத்தால்தான் போகும். நம் ஏரிகளை அது அடைத்துக் கொண்டுள்ளதால் அகற்றுவது பயனுள்ள செயலே. ஆயினும் அதுவும் ஓரறிவுயிர். அதன்மீது பகை கொள்ளுதல் வேண்டா. அது விரும்பி இங்கு வரவில்லை, மனிதன் கொண்டுவந்தான். அதை நம்பி விறகும் கரியும் விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும் உண்டு. ஆகவே அவர்களைக் கலந்துகொண்டு, பறவைகள் கூடு கட்டாத பருவத்தில், சிறிது சிறிதாக அகற்றி, அகற்றிய இடத்தில் கருவேலம், மருதம், நாவல், பனை போன்ற நம் மண்ணின் மரங்கள் எழ வழி செய்ய வேண்டும்.

கன்று நடுவதானால் மழைக்கு முன்னர், புரட்டாசியில் நடுக. எத்தனை கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனையே நடுக. பத்து நட்டுப் பத்தையும் காப்பது, நூறு நட்டுத் தொண்ணூறை இழப்பதினும் மேலான அறம்.

நிறைவாக அபரிக்கிரகம். ‘எங்கள் சங்கம் காத்த ஏரி’ என்று பலகை நாட்டும் ஆசை வரும். அது பற்று. ஏரி எல்லோர்க்கும் உரியது. நம் ஊரில் பிற சமயத்தாரும் பிற குலத்தாரும் அந்நீரையே உண்கிறார்கள். அவர்களையும் அழைத்து, அவர்களோடு ஒரே வரிசையில் நின்று மண் சுமந்தால், ஏரியோடு மனங்களும் தூர் வாரப்படும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலை நீங்கள் கண்டிருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அக்குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. இலைகளுக்கிடையே மீன்கள் நீந்துகின்றன, பறவைகள் உலவுகின்றன, யானைகள் நீராடுகின்றன, பவ்வியர் மலர் கொய்கின்றனர். பெருமானின் சமவசரணத்தைச் சார்ந்த குளம் அது என்பர் அறிஞர். நம் முன்னோர் தூய இடம் ஒன்றைத் தீட்ட நினைத்தபோது, பொன்னையும் மணியையும் தீட்டவில்லை. உயிர்கள் அஞ்சாமல் கூடி வாழும் ஒரு குளத்தைத் தீட்டினர். தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களையும் பாருங்கள். விருஷப தேவர்க்கு எருது, சாந்திநாதர்க்கு மான், முனிசுவிரதர்க்கு ஆமை, நமிநாதர்க்கு நீலோற்பலம். ஆமையும் நீலோற்பலமும் வாழ ஒரு குளம் வேண்டாவா?

அந்தச் சிறுமி கேட்ட வினாவுக்கு அன்று நான் தராத விடையைப் பின்னர் தந்தேன். “கண்ணே, உன் செடி வாடியதற்கு நீ காரணம் இல்லை. ஆனால் அதை நினைத்து நீ அழுதாய் அல்லவா? அந்த அழுகைக்குப் பெயர் தயை. அதை விட்டுவிடாதே” என்றேன். இன்று அவள் கல்லூரி மாணவி. விடுமுறையில் வரும்போதெல்லாம், எஞ்சிய ஏழு மரங்களுள் ஒன்றின் கீழ் அமர்ந்துதான் படிக்கிறாள். அது வேறொரு பிள்ளையின் பெயர் கட்டிய மரம். அதைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை.

வினா எழுப்பிய அந்த மருமகளோ, அடுத்த ஞாயிறன்று தன் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். வந்தவுடன் முதலில் மண்வெட்டியைத் தொடவில்லை. குனிந்து, கரையோரப் புதரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இனி நான் கற்பிக்க ஒன்றும் இல்லை.

மலைக்கும் ஏரிக்கும் யார் காவல் என்ற வினாவிற்கு விடை கல்லில் எழுதியே இருக்கிறது. ஊரார் ரட்சை. அந்த ஊரார் நாமே.

எல்லா உயிர்களும் தத்தம் இடத்தில் அச்சமின்றி வாழ்க. அருகன் அறம் ஓங்குக.